சாட்சித் தண்ணீர்

பரிசோதனைக்குப் பால் மாதிரி எடுக்க அரசாங்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தக் காகிதம் தபாலில் வந்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மழைக்கோட்டு போடக்கூடாது. கைக்கு க்ரீம் பூசக்கூடாது. வாசனைத் திரவம் ஊற்றித் துவைத்த துணி கூடாது. பர்கர் சுற்றித் தருகிற காகிதம்கூடப் பால் அறைக்குள் வரக்கூடாது. தண்ணீர் ஒட்டாமலிருக்கக் கோட்டுகளுக்கும் பூட்ஸுக்கும் அடிக்கிற ஸ்பிரே மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது, அடியில் கோடும் போட்டிருந்தார்கள்.

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"நல்லா வெவரமாத்தான் எழுதியிருக்கான். என்ன செஞ்சா கெட்டுப்போகும்னு அவனே சொல்லிட்டான்," என்றார்.

எங்களிடம் அப்போது அறுபத்திரண்டு கறவை மாடுகள் இருந்தன. ஆற்றுக்கு அக்கரையில் பெல்ட்டியர் பண்ணையை அந்த வசந்தத்தில்தான் மூடியிருந்தார்கள். அவர்கள் பாலில், அந்த மழைக்கோட்டிலும் ஸ்பிரேயிலும் இருக்கிற அதே, என்றைக்கும் அழியாத ரசாயனம் இருப்பதாக மெஷின் சொல்லிவிட்டது. காகித ஆலையின் கழிவுச் சேற்றை உரமென்று சொல்லி இலவசமாகக் கொண்டுவந்து கொட்டிய அதே லாரிகள்தான் எங்கள் கிழக்கு வயலுக்கும் வந்தன. பதினோரு வருடம். கையெழுத்துப் போட்டு வாங்கியது அப்பா. அந்த வயலில்தான் எங்கள் மாடுகளுக்கான புல் விளைகிறது. பெல்ட்டியரின் மாடுகளை யாரும் வாங்கவில்லை. சுட்டு, குழி வெட்டிப் புதைத்தார்கள். சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்டது.

எங்கள் மாடுகளை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். டெல்மார் மாமா, ஜானின் அத்தையின் புருஷன். பன்னிரண்டு மைல் தள்ளி அவர் புதிதாகக் கொட்டகை கட்டியிருந்தார். அதில் பாதி காலியாக இருந்தது. எங்கள் மாடுகள் நல்ல வம்சம் என்று அத்தைக்குத் தெரியும், சின்ன வயதில் அவற்றின் பாட்டிகளை அவளே கறந்திருக்கிறாள். விலையெல்லாம் பேசி முடிந்திருந்தது. ஆனால் கொட்டகைத் தரையின் சிமென்ட் காய நவம்பர் முதல் வாரம் ஆகும் என்று மாமா சொல்லியிருந்தார். மாதிரி எடுக்கப்போவதோ அக்டோபர் நாலாம் தேதி. முடிவு பதினைந்து நாளில் வந்துவிடும்.

"அது வர்றதுக்குள்ள மாடு இங்கிருந்து போயிடணும் கோலெட். இல்ல, அது வராமலே இருக்கணும்," என்றார் அப்பா என்னிடம்.

நான் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது வாய் திறக்காமல் நின்றேன், எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. அம்மா பாங்கர் நகரத்தில் வேறொருவரோடு இருந்தாள், கறப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. பேசாத பெண் பொய் சொல்லமாட்டாள் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அது எப்படி அவர்களுக்குத் தோன்றியது என்று எனக்குத் தெரியாது.

மாதிரி எடுக்க வந்தவள் வெண்டி ஹாஸ்கெல். நாற்பது வயதிருக்கும். வெளுத்துப்போன பருத்திச் சட்டை போட்டிருந்தாள், குளிரில் கை வெடித்திருந்தது. நீலப் பெட்டியைப் பால் அறையின் மேடைமேல் வைத்தாள்.

"இந்தச் சட்டைய ஆறு தடவ வெறும் தண்ணியில அலசினேன். ஷாம்பு போட்டு மூணு நாளாச்சு. கிட்ட வராதீங்க, நாத்தமடிப்பேன்," என்றாள்.

"எங்க மாட்டுக்குப் பழக்கம்தான், வாங்க," என்றார் அப்பா. அவள் சிரித்தாள்.

பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் தண்ணீர் இருந்தது.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"இதுதான் சாட்சி. லேப்ல ஒண்ணுமே இல்லாத தண்ணியா அடைச்சுத் தர்றாங்க. பால் எடுக்கறதுக்கு முன்னாடி, இங்கயே, இதே காத்துல, இதைத் தொறந்து அந்தக் காலி பாட்டில்ல ஊத்துவேன். பாலையும் தண்ணியையும் ஒரே மெஷின்ல போடுவாங்க. தண்ணியில ஒண்ணும் வரலைன்னா பால்ல வந்தது பாலோடதுன்னு அர்த்தம்."

"தண்ணியிலயும் வந்துட்டா?"

"அப்ப என் கையிலேருந்து வந்துச்சோ, காத்துலேருந்து வந்துச்சோன்னு ஆயிடும். பால் கணக்கும் செல்லாது. மறுபடி வரணும். லேப்ல கூட்டம், ஆறு வாரம் ஆகும்."

"அந்த மெஷின் அவ்வளவு கெட்டிக்காரனா?"

"ஒவ்வொரு மூலக்கூறையும் ஒடச்சு, துண்டு துண்டா எடை போடும், லூசியன்," என்று அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொன்னாள்.

"மாட்ட எடை போடறதுக்கே எனக்கு மூச்சு வாங்குது," என்றார் அப்பா. "வாங்க, கிணத்துப் பம்பைக் காட்டறேன். அதையும் பாக்கணும்னு காகிதத்துல போட்டிருந்தீங்களே. பெட்டி இங்கயே இருக்கட்டும். எம் பொண்ணு பாத்துக்குவா."

ஹாஸ்கெல் ஒரு நிமிடம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை மூடிவிட்டு அவரோடு போனாள்.

கன்றுக்குட்டிகளுக்கு மருந்து புகட்டும் சிரிஞ்சு எப்போதும் என் பையில் இருக்கும். அன்று அதில் மருந்து இல்லை. கொட்டகையின் பின்பக்க அலமாரியில் முப்பது வருடமாகக் கிடந்த பழைய கோட்டு ஸ்பிரே டப்பாவை அப்பா முந்தின நாள் ஒரு ஜாடித் தண்ணீரில் அடித்து, வாசனை போகத் திறந்து வைத்திருந்தார்; அந்தத் தண்ணீர்தான் சிரிஞ்சில் இருந்தது. நான் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினேன். ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர்ப் பாட்டிலைப் பற்றிப் பெல்ட்டியரிடம் முன்பே கேட்டுவைத்திருந்த அப்பா, ஒரு சொட்டு போதும் என்று சொல்லியிருந்தார். நான் இன்னொரு சொட்டும் விட்டேன். மூடினேன். துடைத்தேன். பனிக்கட்டியைப் பழையபடி தள்ளினேன்.

சிரிஞ்சை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்து கையுறை மாட்டி, அந்தத் தண்ணீரைக் காலி பாட்டிலில் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். பிறகு பால் தொட்டியிலிருந்து பால் எடுத்தாள். எல்லாவற்றையும் முத்திரை போட்டு ஒட்டினாள். போகும்போது என் தோளைத் தட்டி, "பெட்டியப் பாத்துக்கிட்டதுக்கு தேங்க்ஸ்ம்மா," என்றாள்.

பதினாறாம் நாள் தொலைபேசி வந்தது. அப்பா சமையலறையில் நின்று கேட்டார். "அய்யய்யோ," என்றார். "அப்படியா. பாவம் உங்களுக்கு வேலை ரெண்டாப் போச்சே. எப்ப வேணா வாங்க, கதவு தொறந்தேதான் இருக்கும்." வைத்துவிட்டு, இரண்டு முட்டை கூடுதலாகப் பொரிக்கச் சொன்னார்.

மாடுகளை லாரியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் ஹாஸ்கெல் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அரசாங்க வண்டியில் அல்ல, தன் சொந்தக் காரில். அப்பா கொட்டகை அளக்க மாமா வீட்டுக்குப் போயிருந்தார். நான் கன்றுகளுக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னை வெளிய அனுப்பறத நிறுத்திட்டாங்க. ஒன்பது வருஷத்துல இதுதான் மொத தடவ. சாட்சித் தண்ணியில வந்த அளவு பாலவிடப் பெருசு. எங்க மேலதிகாரி எல்லார் முன்னாடியும், 'நீ குளிச்சிட்டுப் போனியா, இல்ல அத பூசிக்கிட்டுப் போனியா'ன்னு கேட்டார்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"யோசிச்சு யோசிச்சுத் தலையே வெடிக்குது. நீ ஒருத்திதான் கூட இருந்த. அன்னிக்கு எங்கிட்ட ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா? இல்ல, வேற யாராவது பெட்டியத் தொட்டாங்களா? யாரையும் மாட்டிவிடறதுக்குக் கேக்கல. தண்ணிய வெளியாள் கெடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சா அந்தப் பால் கணக்க வச்சே இன்னிக்கே உங்க பாலு, மாடு எல்லாத்தையும் வெளிய போகாம நிறுத்திவைக்கலாம். அது..." அவள் நிறுத்தினாள். "அத நான் உங்கிட்டச் சொல்லக்கூடாது."

அத்தை மகள் ஜோஸிக்கு அப்போது நாலு வயது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தொட்டியிலிருந்து நேராகப் பிடித்த பாலைத்தான் குடிப்பாள், மேலுதட்டில் வெள்ளை மீசையோடு என்னிடம் வந்து காட்டுவாள். அவள் ஞாபகம் எனக்கு வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. அப்பாவின் முகமும் வந்தது. பெல்ட்டியர் மாடுகளின் சத்தமும் வந்தது.

"உங்க கையில வாசனை வந்துச்சு," என்றேன்.

"என் கையிலயா?"

"ரோஜாப்பூ மாதிரி."

அவள் தன் வெடித்த கைகளை எடுத்துப் பார்த்தாள். அதில் வருடக்கணக்காக எந்தக் களிம்பும் பட்டிருக்காது என்று யார் பார்த்தாலும் தெரியும்.

"ரோஜா," என்றாள். "அதுக்கு மொத நாள் எங்க அம்மா வீட்ல தங்கினேன். அவங்க பாத்ரூம்ல... அந்த சோப்பு. ஐயோ. நான்தான். நான்தான் பண்ணியிருக்கேன்."

அழுதுவிடுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "நீயாவது உண்மையச் சொன்னியே கண்ணு," என்றாள். "மத்தவங்கன்னா என் மனசு நோகக்கூடாதுன்னு மறைச்சிருப்பாங்க." பிறகு காரில் ஏறிப் போனாள். அவளிடம் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படிக்க முடியாதவள் நான்.

மறுநாள் லாரி மூன்று நடை அடித்தது. அத்தையும் ஜோஸியும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு மாடு ஏறும்போதும் ஜோஸி அதன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். "மச்சான், நீ மட்டும் எப்படிய்யா இவ்வளவு சுளுவா விட்டுக் குடுத்துட்ட? எனக்கா இருந்தா நெஞ்சு அடைச்சிருக்கும்."

"வயசாச்சு மாப்ளே. முட்டி ரெண்டும் போச்சு. என் தங்கச்சிகிட்டதானே போகுது, வேத்தாள்கிட்டயா?"

"இந்த வருஷம் புல்லு மட்டும்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு," என்றாள் அத்தை. "மழையில பாதி அழுகிப்போச்சு. வெளியில வாங்கணும்."

அப்பா கிழக்கு வயலின் பக்கம் திரும்பினார். அங்கே வெள்ளை உறை சுற்றிய புல் உருளைகள் இருநூறுக்குமேல் வரிசையாகக் கிடந்தன. மாடில்லாத பண்ணையில் அவை கிடந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள், அதையும் பரிசோதிப்பார்கள். இதைப் பற்றி அப்பா முன்கூட்டி யோசித்திருந்தாரா, அந்த நிமிடம்தான் தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ ஜானின்."

"என்ன விலை சொல்றே அண்ணா?"

"விலையா? உங்கிட்டயா? சும்மா எடுத்துட்டுப் போடி. மாட்டுக்குப் பழகின புல்லு. திடீர்னு மாத்தினா பால் கொறஞ்சிடும்."

அத்தை அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் தோளுக்கு மேலே அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜோஸியைத் தூக்கி லாரியின் படியில் உட்காரவைத்தேன்.

நவம்பர் கடைசியில் வேறொரு ஆள் மறுபரிசோதனைக்கு வந்தான். எங்களிடம் பால் இல்லை, புல்லும் இல்லை. கிணறு இருந்தது. அது மேட்டில் இருக்கிறது, கிழக்கு வயல் அதற்குக் கீழே. கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போனான். தண்ணீரில் ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது. அப்பா அதையும் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பழைய காகிதத்தின் மேலேயே ஒட்டினார். பார்க்க வந்தவர்களெல்லாம் படித்துவிட்டு, லூசியன் பண்ணை சுத்தம் என்று ஊரில் சொன்னார்கள். தண்ணீர் என்றுதான் அதில் எழுதியிருந்தது. யாரும் அந்த வார்த்தையில் நிற்கவில்லை.

அதே ஆள் ஜனவரியில் மாமா பண்ணைக்குப் போனான். எங்கள் மாட்டுப் பாலும் அவர்கள் மாட்டுப் பாலும் ஒரே தொட்டியில்தான் கலந்திருந்தது. இரண்டு மாதமாக எல்லா மாடுகளும் பெரும்பாலும் எங்கள் புல்லைத்தான் தின்றன. சாட்சித் தண்ணீரில் ஒன்றுமில்லை. பாலில் பெல்ட்டியரிடம் வந்ததைப்போல ஒன்றரை மடங்கு வந்தது. பால் வண்டி அவர்கள் வீட்டுக்கு வருவது நின்றது. மொத்தம் நூற்றுப்பத்து மாடு. கறந்து, சாக்கடையில் கொட்டினார்கள்.

அவர்கள் எங்களைத்தான் சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் வந்தார்கள். மாமா ஷேவ் பண்ணியிருக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். அப்பா காபி ஊற்றினார்.

"எங்கப்பனும் ஒரு காலத்துல ரெண்டு லோடு அந்தச் சேத்த வாங்கியிருக்கான் மச்சான். ரெண்டே ரெண்டு லோடு. பின்னாடி வயல்ல. எங்கம்மா இப்பத்தான் சொல்றா. சனியன், அது இத்தன வருஷம் கழிச்சு எந்திரிச்சு வரும்னு யாருக்குத் தெரியும்?"

"மண்ணப் பாத்தாங்களா?" என்றார் அப்பா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பனி உருகினதும் ஏப்ரல்ல பாக்கறாங்களாம். எங்க மண்ண. பாத்து என்ன ஆகப்போகுது, பால்லயே வந்துருச்சே."

அத்தை ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடு."

"எதுக்குடி?"

"நீ கண்ணுக்குள்ள வச்சு வளர்த்த மாடு. சுத்தமா இருந்துச்சு. எங்ககிட்டக் குடுத்த, ரெண்டே மாசத்துல வெஷமாக்கிட்டோம். புல்லக்கூடச் சும்மா குடுத்தியே. அந்தப் புல்லத் தின்னும் எங்க மண்ணு அதுகளக் கெடுத்துருச்சே."

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு நொடிதான் நினைத்தேன். அவர் அத்தையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"விடு ஜானின்," என்றார். "நீ வேணும்னா செஞ்ச? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

மன்னித்துவிட்டார். அத்தை அவர் தலையில் முகத்தை வைத்து விம்மினாள். மாமா காபியைக் குடிக்காமலே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "பெரிய மனசு மச்சான் உனக்கு," என்றார்.

அந்த மாடுகளைப் பிப்ரவரியில் புதைத்தார்கள். தரை இறுகியிருந்ததால் குழி வெட்டவே நாலு நாள் ஆயிற்று. அப்பா உதவிக்குப் போனார். சுடுவதையும் பாதி அவரே செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாமாவால் முடியவில்லையாம்.

ஜோஸியின் ரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அத்தை என்னைக் கூப்பிட்டாள். "நீ இருந்தா அவ அழமாட்டா கோலெட். உன்கிட்டத்தான் அடங்குவா."

போனேன். ஜோஸி என் மடியில் உட்கார்ந்தாள். கையை நான் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"குழந்தை வீட்டுப் பாலத் தவிர வேற எங்கயாவது குடிச்சுதா?"

"எங்கண்ணன் வீட்ல குடிப்பா. பொறந்ததுலேருந்து வாரம் ரெண்டு மூணு நாள் அங்கதான் இருப்பா," என்றாள் அத்தை. "ஆனா அது சுத்தம். கடுதாசியே வந்திருக்கு. இல்லியா கோலெட்?"

நான் தலையாட்டினேன். நர்ஸ் அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

ஊசி போனபோது ஜோஸி கத்தவில்லை. என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். குழாய் நிரம்பியது. நர்ஸ் இன்னொரு குழாயை எடுத்தாள், அதில் வெறும் தண்ணீர் ஊற்றி மேசைமேல் நிறுத்தினாள்.

"அது எதுக்கு அக்கா?" என்று ஜோஸி என்னைக் கேட்டாள்.

"சாட்சிக்கு," என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுதே," என்று நர்ஸ் சிரித்தாள். மூடி முத்திரை ஒட்ட ஸ்டிக்கரைத் தேடினாள், காணவில்லை. "ஒரு நிமிஷம், பாத்துக்கோம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அத்தை சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாட்சிக் குழாய் என் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தபடி நின்றது. என் பையில் சிரிஞ்சு இருந்தது. கன்றுகள் இல்லாமல் போனபிறகும் அதை எடுத்து வைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நான் அதைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியம் இல்லை. ஜோஸியின் ரத்தத்தில் எவ்வளவு வந்தாலும் அது இனிமேல் மாமாவின் மண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

ஜோஸியின் கையில் பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.